பூட்டிய ஊர்கள் – 11: லோஹேகாவ் ஓடுபாதை

சென்ற வாரம் 1897-ஆம் ஆண்டின் புனேயில் நிறுத்தியிருந்தோம். பிளேக் நோயாளிகளைத் தேடி வெள்ளைக்காரச் சிப்பாய்கள் வீடு வீடாக நுழைந்ததும், ஜூன் 22 இரவு கணேஷ்கிண்ட் சாலையில் பிளேக் கமிட்டித் தலைவர் வால்டர் சார்லஸ் ராண்ட் சுடப்பட்டதும், சாபேகர் சகோதரர்கள் தூக்குமேடை ஏறியதும் பலருக்கும் தெரிந்த கதை. அவ்வளவு கெடுபிடி யாருடைய அவசரத்துக்காக என்பது மட்டும் அதிகம் பேசப்படுவதில்லை.

அவசரம் துறைமுகத்துடையது. பம்பாயில் பிளேக் பரவுவதைக் கேள்விப்பட்ட ஐரோப்பிய நாடுகள் 1897 பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வெனிஸ் நகரத்தில் மாநாடு கூட்டின. இந்தியாவிலிருந்து வரும் கப்பல்களையும் பயணிகளையும் சரக்குகளையும் எப்படித் தடுப்பது என்பதுதான் அங்கே பேச்சு. ஏற்றுமதி நின்றால் சாம்ராஜ்யத்துக்கு நஷ்டம். மாநாடு கூடுமுன்பே, பிப்ரவரி 4-ஆம் தேதி, தொற்றுநோய்ச் சட்டத்தை அவசர அவசரமாக நிறைவேற்றினார்கள். நோயைத் தடுக்கும் எண்ணமே அரசுக்கு இல்லை என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று பொது சுகாதாரமும் வணிகமும் ஒரே பக்கம் நின்றன. எதிரே நின்றவர்கள், தங்கள் வீட்டுச் சாமான்கள் தெருவில் எரிவதைப் பார்த்த புனேவாசிகள்.

அதே நாட்களில் நகரத்துக்குக் கிழக்கே ஹடப்ஸரில் வேறொரு காரியம் நடந்தது. சாவித்ரிபாய் புலேயும் அவருடைய வளர்ப்பு மகன் டாக்டர் யஷ்வந்தும் அங்கே பிளேக் நோயாளிகளுக்காக மருத்துவமனை திறந்தார்கள். முண்ட்வா கிராமத்துச் சிறுவன் ஒருவனைத் தானே சுமந்து கொண்டுவந்து சேர்த்தார் சாவித்ரிபாய். தொற்று அவரையும் பிடித்தது. 1897 மார்ச் 10 அன்று இறந்துபோனார். ஹடப்ஸர் என்ற பெயரை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், இந்த அத்தியாயத்தில் மறுபடியும் வரும்.

123 ஆண்டுகள் கழித்து அதே சட்டம் அதே ஊருக்குத் திரும்பி வந்தது. 2020 மார்ச் 9 அன்று, துபாய் போய்வந்த புனே தம்பதிக்குக் கரோனா உறுதியானது. மகாராஷ்டிரத்தின் முதல் தொற்று அதுதான். நாயுடு தொற்றுநோய் மருத்துவமனையில் அவர்களைச் சேர்த்தார்கள். மார்ச் 13-ல் மாநில அரசு 1897-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் கையில் எடுத்தது. மார்ச் 17 முதல் மூன்று நாள் கடையடைப்பதாகப் புனே வணிகர்கள் தாங்களாகவே முன்வந்து அறிவித்தார்கள். இதைக் குறித்துக்கொள்ள வேண்டும். நான்கு மாதம் கழித்து ‘இன்னொரு பூட்டு வேண்டாம்’ என்று சொன்னவர்களும் இதே வணிகர்கள்தான். லாபம் மட்டுமே தெரிந்தவர்கள் என்று அவர்களை ஒதுக்கிவிட முடியாது.

மார்ச் 24 நள்ளிரவில் நாடு முழுவதும் முடங்கியது. உள்நாட்டு விமானங்களும் அந்த இரவோடு நின்றன.

புனேயின் விமான நிலையம் இருப்பது லோஹேகாவில். 1939-ல் பிரிட்டிஷ் விமானப்படைக்காக அமைத்த தளம் அது. ஓடுபாதை இன்றைக்கும் இந்திய விமானப்படையின் கையில் இருக்கிறது. பயணிகள் விமானங்கள் அதைப் பகிர்ந்துகொள்கின்றன. ஊரோ பழைய ஊர். சந்த் துக்காராமின் தாய் பிறந்த இடம் என்று வாரகரி பக்தர்கள் போற்றுவார்கள். கிராமத்தில் மிச்சமிருந்த பகுதி மாநகராட்சியோடு சேர்ந்தது 2017 அக்டோபரில்தான். மாநகராட்சி என்ற பெயர் வந்த பிறகும் டேங்கர் தண்ணீருக்குக் குடம் வைத்துக் காத்திருக்கும் தெருக்கள் அங்கே உண்டு. இருபது நொடி சோப்புப் போட்டுக் கை கழுவச் சொன்ன அறிவிப்பு அந்தத் தெருக்களுக்கும் சேர்த்துத்தான் வந்தது.

விமான நிலையத்தை நம்பிப் பிழைக்கிறவர்களில் பெரும்பாலோர் விமானத்தில் ஏறுகிறவர்கள் அல்ல. கார் ஓட்டுகிறவர், பெட்டி ஏற்றி இறக்குகிறவர், துப்புரவுப் பணியாளர், லாட்ஜில் துணி துவைப்பவர், வாசலுக்கு வெளியே டீ ஆற்றுகிறவர். மே 25-ல் விமானங்கள் மறுபடி பறக்கும்வரை இரண்டு மாதம் இவர்களுக்கு வரும்படி கிடையாது. கடனில் கார் எடுத்தவருக்கு ரிசர்வ் வங்கி மார்ச் 27-ல் ஒரு சலுகை தந்தது: மூன்று மாதம் தவணை கட்ட வேண்டாம். பிறகு அதை ஆகஸ்ட் கடைசிவரை நீட்டித்தார்கள். தள்ளிப்போனது தவணை மட்டுமே, வட்டி நிற்கவில்லை. சவாரி இல்லாமல் நின்ற காருக்கு வட்டி மட்டும் நாள்தோறும் ஓடியது. கைமாற்றாகவும் கந்துவட்டிக்கும் வாங்கியவர்களுக்கு அந்தச் சலுகையும் இல்லை.

நாட்டுக் கணக்கையும் ஒருமுறை பார்த்துவிடுவோம். 2020 ஏப்ரல் ஒரு மாதத்தில் 12 கோடிக்கு மேற்பட்டவர்கள் வேலையிழந்ததாக இந்தியப் பொருளாதாரக் கண்காணிப்பு மையம் கணித்தது. ஏப்ரல்–ஜூன் காலாண்டில் நாட்டின் உற்பத்தி 23.9 சதவீதம் சுருங்கியதாக முதல் மதிப்பீடு சொன்னது. மகாராஷ்டிரத்திலிருந்து வெளிமாநிலத் தொழிலாளர்கள் சொந்த ஊருக்குச் சாரிசாரியாக நடந்தார்கள். மே 8 விடியற்காலை, கர்மாட் அருகே தண்டவாளத்தில் களைத்துப் படுத்திருந்த 16 தொழிலாளர்கள் மீது சரக்கு ரயில் ஏறியது. நம் தமிழ்நாட்டவர்களும் மகாராஷ்டிரத்தில் சிக்கியிருந்தார்கள். பண்டரிபுரத்திலிருந்து திருச்சிக்குச் சிறப்பு ரயில் வந்தது மே மாத நடுவில்தான்.

அந்த ஆண்டு ஆஷாட வாரி என்ற பாதயாத்திரையும் நடக்கவில்லை. தேஹுவிலிருந்து துக்காராமின் பாதுகைகளும் ஆளந்தியிலிருந்து ஞானேஸ்வரரின் பாதுகைகளும் லட்சக்கணக்கானவர்களோடு புனே வழியாகப் பண்டரிபுரம் போவது வழக்கம். 2020 ஜூன் 30 அன்று பூவால் அலங்கரித்த அரசுப் பேருந்துகளில், பேருந்துக்கு இருபது பேர் மட்டும் துணையாக, பாதுகைகள் பயணம் செய்தன. வழிநெடுக டீக்கடையும் பொரிக்கடையும் துளசி மாலைக் கடையும் போட்டு ஒரு பருவத்து வருமானம் பார்க்கிறவர்களுக்கு அந்த ஆண்டு ஒன்றுமில்லை. ஆனாலும் வாரகரிகள் அதற்கு இணங்கினார்கள். மக்கள் ஒத்துழைக்க மாட்டார்கள், பூட்டினால்தான் அடங்குவார்கள் என்று வாதிட்டவர்களுக்கு இதைவிட நல்ல மறுப்பு எனக்குத் தெரியவில்லை.

இனி இந்த அத்தியாயத்தின் மையத்துக்கு வருவோம்: புனேயின் பத்து நாள் பூட்டு.

ஜூன் மாதம் கட்டுப்பாடுகள் தளர்ந்தன, தொற்று ஏறியது. ஜூலை 10-ல் அறிவிப்பு வந்தது. ஜூலை 14 முதல் 23 வரை புனே, பிம்ப்ரி-சிஞ்ச்வட் இரண்டு மாநகராட்சிகளும் சுற்றியுள்ள 22 கிராமங்களும் முழுமையாக முடங்க வேண்டும். முதல் ஐந்து நாள் பால், மருந்து தவிர ஏறக்குறைய எதுவும் இல்லை. அடுத்த ஐந்து நாள் அத்தியாவசியக் கடைகளுக்கு மட்டும் சில மணி நேரம். முடிவை முன்னின்று எடுத்தவர் அன்றைய துணை முதல்வரும் மாவட்டப் பொறுப்பு அமைச்சருமான அஜித் பவார். 1934-லிருந்து இயங்கும் மராத்தா வணிக, தொழில், வேளாண் சபை எதிர்த்தது. வணிகர் சங்கங்கள் எதிர்த்தன. இப்போதுதான் ஆலைக்கு ஆள் திரும்புகிறார்கள், மறுபடி மூடினால் இடுப்பொடிந்துவிடும் என்றார்கள். பஜாஜ் ஆட்டோவின் ராஜீவ் பஜாஜ் அதற்கு ஒரு மாதம் முன்பே ராகுல் காந்தியோடு நடத்திய உரையாடலில் மனம்விட்டுப் பேசியிருந்தார்: தட்டையாக்க வேண்டியது நோயின் வளைவை, நாம் தட்டையாக்கியது பொருளாதாரத்தின் வளைவை என்பது அவர் சொன்னதன் சாரம்.

அவர் சொன்னதில் உண்மை உண்டு. ஆனால் அது முழு உண்மை அல்ல. அதே நிறுவனத்தின் வாலுஜ் ஆலையில், அவுரங்காபாத் அருகே, ஜூன் முடிவதற்குள் 140 தொழிலாளர்களுக்குத் தொற்று உறுதியாகி இருவர் இறந்திருந்தார்கள். பத்துப் பதினைந்து நாள் ஆலையை மூடுங்கள் என்று கேட்டது தொழிலாளர் சங்கம். மூடினாலும் வெளியே கூடத்தான் போகிறார்கள், பயனில்லை என்றது நிர்வாகம். பிழைப்புக்காகப் பேசுவது முதலாளி, உயிருக்காகப் பேசுவது அரசு என்று சுலபமாகப் பிரித்துவிடுகிறோம். வாலுஜில் கூலி போனாலும் பரவாயில்லை என்று உயிருக்காகப் பேசியவர்கள் தொழிலாளர்கள். புனேயின் சந்தைகளிலோ, பட்டினி வரும் என்று பூட்டுக்கு எதிராகப் பேசியவர்களும் அன்றாடங்காய்ச்சிகள்தான். இரண்டு பேச்சுக்கும் பின்னால் இருந்தது ஒன்றே: கையில் நாலு நாளைக்குக் காசு இருக்கிறதா, இல்லையா.

அறிவிப்புக்கும் பூட்டுக்கும் இடையே மூன்று நாள் இருந்தது. அந்த மூன்று நாளில் நடந்தது சென்னைக்காரர்களுக்குப் புதிதல்ல. ஏப்ரல் 26 முதல் நான்கு நாள் முழு முடக்கம் என்று அறிவித்ததும் கோயம்பேட்டில் அலைமோதிய கூட்டத்தை மறந்திருக்க மாட்டோம். புனேயிலும் காய்கறிக்கும் மளிகைக்கும் தோளோடு தோள் இடித்து நின்றார்கள். நெரிசலைத் தவிர்க்கப் போட்ட உத்தரவு, அமலுக்கு வருமுன்பே நெரிசலை உண்டாக்கியது. அடுத்த பத்து நாளுக்கு வேண்டியதை ஒரே நாளில் வாங்கக் காசில்லாதவர்கள் அந்தக் கூட்டத்திலும் இல்லை.

இந்தப் பூட்டு எதைச் சாதித்தது? இதற்கு விடை சொல்லும் சான்று ஒன்று புனேயிடம் இருக்கிறது. அப்போது இந்தியாவில் பல ஊர்களிடம் அப்படி ஒன்று இல்லை. ஜூலை 20 முதல் ஆகஸ்ட் 5 வரை, அதாவது பூட்டு நடப்பில் இருந்தபோதே தொடங்கி, நகரத்தின் ஐந்து வார்டுத் தொகுதிகளில் 1,664 பேரிடம் ரத்தம் எடுத்துச் சோதித்தார்கள். சாவித்ரிபாய் புலே புனே பல்கலைக்கழகமும் இந்திய அறிவியல் கல்வி ஆராய்ச்சி நிறுவனமும் மாநகராட்சியோடு சேர்ந்து நடத்திய ஆய்வு. நம் வேலூர் சிஎம்சி-யும் அதற்குத் துணை நின்றது. ஆகஸ்ட் 17-ல் முடிவு வந்தது. சோதித்தவர்களில் 51.5 சதவீதம் பேருக்கு ஏற்கனவே தொற்று வந்துபோயிருந்தது. லோஹியாநகர்–காசேவாடியில் 65.4 சதவீதம். லோஹேகாவுக்குப் பக்கத்தில் இருக்கும் யெரவடாவிலும் பாதிக்கு மேல். குடிசைகளிலும் ஒண்டுக்குடித்தன வீடுகளிலும் 56 முதல் 62 சதவீதம், அடுக்குமாடிகளில் 33. பொதுக் கழிப்பறைக்குப் போகிறவர்களில் 62 சதவீதம், வீட்டிலேயே கழிப்பறை உள்ளவர்களில் 45.

இந்த எண்களை நான் பலமுறை திரும்பிப் படித்திருக்கிறேன். உடலில் எதிர்ப்புச் சக்தி தென்பட இரண்டு வாரம்போல ஆகும். ஆகவே அந்தத் தெருக்களில் நோய் பெருமளவு பரவி முடிந்த பிறகுதான் பூட்டு வந்திருக்கிறது. நாற்பது குடும்பத்துக்கு நாலு கழிப்பறை என்றால் ‘வீட்டிலேயே இருங்கள்’ என்ற கட்டளைக்குப் பொருள் என்ன? காலையில் வாளியோடு வரிசையில் நிற்பதற்கு எந்தப் போலீஸ் பாஸும் தேவைப்படவில்லை. ஆலை மூடியது, சந்தை மூடியது, வரும்படி மூடியது. தொற்று கைமாறிய இடம் மட்டும் 24 மணி நேரமும் திறந்திருந்தது.

பூட்டுவதால் கிடைப்பது அவகாசம். அந்த அவகாசத்தில் படுக்கை சேர்க்கலாம், பிராணவாயு சேர்க்கலாம், ஆள் சேர்க்கலாம். அந்த வகையிலும் ஜூலைப் பூட்டு தேறவில்லை. சிவாஜிநகரில் பொறியியல் கல்லூரி மைதானத்தில் எழுப்பிய ‘ஜம்போ’ மருத்துவமனை, 600 பிராணவாயுப் படுக்கைகளும் 200 தீவிர சிகிச்சைப் படுக்கைகளுமாகத் திட்டமிட்டது, நோயாளிகளை எடுத்தது ஆகஸ்ட் கடைசியில். பூட்டு முடிந்து ஒரு மாதம் கழித்து! அங்கே அனுமதிக்கப்பட்டிருந்த தொலைக்காட்சிச் செய்தியாளர் ஒருவர், செப்டம்பர் தொடக்கத்தில் வேறு மருத்துவமனைக்கு மாற்றத் தகுந்த ஆம்புலன்ஸ் வேளைக்குக் கிடைக்காமல் இறந்துபோனார். பத்து நாள் பட்டினியை விலையாகக் கொடுத்து நகரம் வாங்கிய அவகாசம், தேவைப்பட்ட நாளில் கையில் இல்லை.

அப்படியானால் பூட்டே போடாமல் இருந்திருந்தால் பொருளாதாரம் பிழைத்திருக்குமா? அதையும் நான் நம்பவில்லை. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ஆஸ்டன் கூல்ஸ்பீ, சாட் சைவர்சன் இருவரும் 2020-ல் அமெரிக்கக் கடைகளுக்குப் போய்வந்தவர்களின் கைப்பேசித் தடத்தை வைத்து ஓர் ஆய்வு செய்தார்கள். கடைகளுக்கு வருவோர் 60 சதவீதம் குறைந்ததில் சட்டக் கட்டுப்பாட்டின் பங்கு 7 சதவீதப் புள்ளிகள்தான் என்று கண்டார்கள். மற்றதெல்லாம் ஜனங்கள் பயந்து தாமாகவே நின்றது. நோய் ஓடுகிற ஊரில் கடை திறந்து வைத்தாலும் வாடிக்கையாளர் வரமாட்டார். லோஹேகாவே இதற்குச் சாட்சி. மே 25-ல் விமானம் பறக்க அனுமதி வந்தும் பழைய கூட்டம் பல மாதம் திரும்பவில்லை. வாசலில் நின்ற கார்களுக்குச் சவாரி கிடைக்கவில்லை. தராசின் ஒரு தட்டில் உயிரும் மறு தட்டில் பிழைப்பும் என்று வரைந்த படமே பிழை.

பயந்து வீட்டில் இருக்க முடிந்தவர்கள் யார் என்பதுதான் நம் நாட்டில் கேட்க வேண்டிய கேள்வி. இங்கே சென்னையைச் சொல்லியாக வேண்டும். 2020 ஜூன் 19 முதல் 30 வரை சென்னையையும் சுற்றுப் பகுதிகளையும் முடக்கியபோது, அரிசி அட்டைக்கு 1,000 ரூபாய் என்ற அறிவிப்பும் சேர்ந்தே வந்தது. 12 நாளைக்கு ஒரு குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 83 ரூபாய். போதாது, நிச்சயமாகப் போதாது. ஆனாலும் பூட்டும் பணமும் ஒரே நேரத்தில் வர வேண்டும் என்ற கொள்கையைத் தமிழ்நாட்டு அரசு ஒப்புக்கொண்டது. புனேயில் ஜூலை மாத வாதமோ எது திறக்கும், எது மூடும், யாருக்குப் பாஸ் என்பதையே சுற்றிச் சுற்றி வந்தது.

2021 ஜனவரி 12. விடியுமுன் ஹடப்ஸரில் தடுப்பூசி தயாரிக்கும் சீரம் நிறுவனத்து வாசலிலிருந்து மூன்று குளிர்சாதன லாரிகள் பூசை போட்டுக் கிளம்பின. 32 கிலோ எடையுள்ள பெட்டிகள், மொத்தம் 478. ஓடுபாதைச் சீரமைப்பு வேலைக்காக அந்த மாதங்களில் லோஹேகாவ் தளம் இரவில் மூடியிருந்தது; காலை எட்டு மணிக்கு மேல்தான் விமானம் ஏறலாம். எட்டு மணி தாண்டியதும் முதல் விமானம் 34 பெட்டிகளோடு டெல்லிக்குப் பறந்தது. அன்று ஒன்பது விமானங்களில் 56.5 லட்சம் டோஸ் கோவிஷீல்டு 13 நகரங்களுக்குப் போனது. சென்னைக்கு 5,36,500. அரசு கொடுத்த விலை டோஸுக்கு 200 ரூபாய், வரி தனி. அன்றைக்கு ஏறிய மருந்து முழுவதற்கும் கூட்டிப் பார்த்தால் 113 கோடி ரூபாய். ஊரைத் திறப்பதற்கு இதைவிடக் குறைந்த செலவில் வழி கிடையாது. சாவித்ரிபாய் நோயாளிகளைச் சேர்த்த அதே ஹடப்ஸர் இந்த வழியைத் திறந்தது.

அந்த வழியிலும் நாம் தாமதித்தோம். ஏப்ரலில் இரண்டாம் அலை புனேயை நாட்டிலேயே மிக மோசமான நகரங்களில் ஒன்றாக்கியது. ஏப்ரல் 7 அன்று புனே மாவட்டத்தில் நூற்றுக்கு மேற்பட்ட தடுப்பூசி மையங்கள் மருந்து தீர்ந்து மூடின. மருந்து தயாராகும் மாவட்டத்தில்! ஏப்ரல் 24 காலை லோஹேகாவ் தளத்தில் இறங்கிய விமானப்படையின் சி-17, காலியான இரண்டு பிராணவாயு டேங்கர்களை ஏற்றிக்கொண்டு ஜாம்நகர் போனது. ஜூலை மாதம் பூட்டை எதிர்த்த அதே தொழில் சபையினர் மருத்துவர்களோடும் மாநகராட்சியோடும் சேர்ந்து, வெளிநாட்டிலிருந்து பிராணவாயுக் கருவிகள் வரவழைப்பதில் ஓடியாடி உழைத்தார்கள். மே 6-ல் பம்பாய் உயர்நீதிமன்றம் புனேயை இன்னும் கடுமையாக முடக்கலாமே என்று கேட்டது. மாவட்டக் கணக்கை நகரக் கணக்காக எடுத்துக்கொண்டார்கள் என்றார் மேயர்.

இந்த முறை பணமும் அறிவித்தார்கள். 2021 ஏப்ரல் 13-ல் முதல்வர் உத்தவ் தாக்கரே 5,476 கோடி ரூபாய்த் திட்டம் ஒன்றைச் சொன்னார். பதிவு பெற்ற நடைபாதை வியாபாரிகள் 5 லட்சம் பேருக்கும், பர்மிட் வைத்திருக்கும் ஆட்டோக்காரர்கள் 12 லட்சம் பேருக்கும், கட்டுமானத் தொழிலாளர்களுக்கும் தலா 1,500 ரூபாய். மாநில அரசின் மலிவு விலைச் சிவபோஜன் சாப்பாடு இலவசம். முந்தைய ஆண்டைவிட இது எவ்வளவோ மேல். கட்டுப்பாடுகள் ஏப்ரல் 14-ல் தொடங்கி, ஜூன் 7-ல் படிப்படியாகத் தளரும்வரை 54 நாள் நீடித்தன. 1,500-ஐ 54-ஆல் வகுத்தால் நாளைக்கு 28 ரூபாய் தேறவில்லை. வாடகைக்கு ஆட்டோ எடுத்து ஓட்டுகிறவருக்கு அதுவும் இல்லை, ஏனென்றால் பர்மிட் உரிமையாளர் பெயரில் இருக்கும். பதிவு அட்டை கிடைக்காத தள்ளுவண்டிக்காரிக்கும் இல்லை.

என் தீர்ப்பு இதுதான். பெருந்தொற்று வந்தால் ஊரைப் பூட்டுவது சில வேளைகளில் தவிர்க்க முடியாதது. 2020 மார்ச்சில் கையில் மருந்தும் இல்லை, போதிய சோதனையும் இல்லை, வேறு வழியும் இல்லை. ஆனால் பூட்டும் உத்தரவில் எத்தனை நாள் என்பதோடு, ஒவ்வொரு குடும்பத்துக்கும் எவ்வளவு, எந்தத் தேதியில் என்பதும், அந்த நாட்களுக்குள் எத்தனை படுக்கை தயாராகும் என்பதும் எழுதியிருக்க வேண்டும். அவை இல்லாத உத்தரவு சுகாதார நடவடிக்கை அல்ல. 2020 ஜூலையில் புனேயில் போட்டது அப்படிப்பட்ட உத்தரவு.

அடுத்த வாரம் கோயம்பேடு. 2020 மே 5-ல் சந்தையை மூடியபின் திருமழிசைக்கு மூட்டை சுமக்கப் போனவர்களின் கதை. அந்தச் சந்தையில் அந்த மாதங்களில் வேலை செய்தவர்கள் தங்கள் கூலிக் கணக்கு நோட்டை இன்னும் வைத்திருந்தால், தயவுசெய்து தூக்கி எறிந்துவிடாதீர்கள், பத்திரப்படுத்தி வையுங்கள். இந்தத் தொடரின் அடுத்த பல அத்தியாயங்கள் அந்த நோட்டுகளிலிருந்துதான் எழுத வேண்டியிருக்கும்.

(தொடரும்)